பாண்டி போனுக்கு வந்த ஓடிபி

“சேச்சி, பேரு என்ன?”

“ராமலட்சுமி”ன்னான் அவ புருஷன் பாண்டி.

“வயசு?”

“முப்பத்தாறு”ன்னான் பாண்டி.

“கர்ப்பப்பை எடுக்கிற ஆபரேஷன். சேச்சிக்குச் சம்மதம்தானே?”

“சம்மதம்தான். அதுக்குத்தானே சக்குபள்ளத்திலேர்ந்து ஜீப் ஏறி வந்திருக்கோம்”ன்னான் பாண்டி.

டக்கு டக்குன்னு பதில் சொல்றானே, கியூ சீக்கிரம் நகரும், ஓரமா நிக்கிற எனக்கும் அட்மிஷன் சீட்டு கைக்கு வந்துரும்னு நெனச்சேன். எங்கே?

ஆஸ்பத்திரி கவுண்டர்ல இருந்த மலையாளத்துப் பொண்ணு ஸ்ரீஜா கம்ப்யூட்டரைத் தட்டினா. பாண்டி சட்டைப் பையில போன் சிணுங்குச்சு.

“ஓடிபி வந்திருச்சு. எழுதிக்கோங்க...”

“அது செல்லாது சேட்டா. ஓடிபி சொல்றது கையெழுத்துப் போடுற மாதிரி. நோயாளி போனுக்குத்தான் வரணும். சட்டம் அப்படி.”

“அவளுக்கு ஏதும்மா போனு? ஆதாருல என் நம்பர்தான் இருக்கு.”

“அப்ப சேச்சி, கைரேகை வைங்க.”

ராமலட்சுமி விரலை வச்சா. மெஷின் எடுக்கலை. என்னை மாதிரியே வருஷக்கணக்கா ஏலக்கா பறிச்சுத் தேஞ்ச விரலு, எப்படி எடுக்கும்?

“சரி, சேச்சி பேருல ஒரு நம்பர் சேர்த்துட்டுத் திங்கட்கிழமை வாங்க.”

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. பின்னே? பத்து நிமிஷம் முன்னாடிதான் என் கண் ஆபரேஷனுக்கு, ஜீப் டிரைவர் சுருளிவேல் போனுக்கு வந்த ஓடிபியை இதே பொண்ணு சிரிச்சுக்கிட்டே வாங்கிக்கிட்டா. எங்க எஸ்டேட்டுல ஆதார் எடுத்தப்போ டவர் கிடைச்சது அவன் போனுக்கு மட்டும்தான். எங்க லயத்து வீடுகள்ல பாதிப் பேரு அவன் நம்பரைத்தான் கொடுத்தோம். இன்னைக்கும் யாருக்கு ஓடிபி வந்தாலும் அவன்தான் வண்டியை ஓரங்கட்டிட்டு வாசிச்சுச் சொல்லணும்.

“ஏம்மா, மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடமா? எனக்கு இல்லாத சட்டம் இவளுக்கு மட்டும் எங்கேர்ந்து வந்துச்சு?”ன்னு சத்தம் போட்டேன்.

கியூவுல நின்ன நாலு பேரும் சேர்ந்துக்கிட்டாங்க. ஸ்ரீஜா கண்ணு ராமலட்சுமி மேலேயே இருந்துச்சு.

ராமலட்சுமி பக்கம் திரும்பினேன். “நீயாவது கேளேன்டி. வாயில என்ன கொழுக்கட்டையா?”

அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டா.

“ஒரு நாள் கூலி போச்சு. வா, ஜீப் கிளம்பிறப் போகுது”ன்னு முணுமுணுத்துக்கிட்டே பாண்டி வெளியே போனான்.

ராமலட்சுமி நகரலை. அவன் வாசலைத் தாண்டுற வரைக்கும் பார்த்துக்கிட்டே இருந்தா. அப்புறம் கவுண்டர்கிட்ட குனிஞ்சா.

“கம்பத்துல ஒரு டாக்டரம்மா, எடுக்கவே வேணாம், மாத்திரையிலேயே சரியாப் போகும்னாங்க. இவருதான் ஏலக்கா சீசனுக்கு முன்னாடி ஒரேயடியா முடிச்சிருவோம்னு கூட்டிட்டு வந்துட்டாரு. திங்கட்கிழமை நான் மட்டும் வரலாமாம்மா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. இவ்வளவு நேரத்துல அவ குரலை இப்பத்தான் கேக்குறேன். மூணு கேள்விக்கும் பதில் சொன்னது பாண்டி. அது எனக்கு உறைக்கவே இல்லையே! இந்தப் பொண்ணுக்கு அப்பவே உறைச்சிருக்கு.

“வாங்க சேச்சி, பெரிய டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன்”ன்னா ஸ்ரீஜா. “நம்பர் சேர்க்க எங்கேயும் அலைய வேணாம். வேண்டாம்னு சொல்றதுக்கு ஓடிபி கேக்க மாட்டேன்.”