நட்டு போல்ட்டுக்கு ஏசி

"சொல்லிடாதீங்கண்ணா! சொன்னீங்கன்னா உங்க பிரமோஷன் அத்திப்பள்ளி டோல்கேட்டத் தாண்டிப் போயிடும்."

டீயை ஊதிக்கொண்டே சொன்னார் சமியுல்லா. ஓசூர் சிப்காட்டில் பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் அவர் ஸ்டோர்ஸ் இன்சார்ஜ். தமிழ், உருது, கன்னடம், தெலுங்கு என நான்கு மொழியிலும் கடன் கேட்டவனைத் திருப்பி அனுப்பத் தெரிந்தவர்.

எதிரே உட்கார்ந்திருந்த மாதேஷ் குவாலிட்டி பிரிவின் துணை மேலாளர். வயது நாற்பத்தாறு, ரத்த அழுத்தம் நூற்று அறுபது.

"இல்ல பாய். இன்னைக்கு ஜி.எம். கிட்ட உண்மையச் சொல்லிடப் போறேன். முகமூடி போட்டுக்கிட்டு வாழ்றதுதான் எல்லா டென்ஷனுக்கும் காரணம்னு நேத்து கிளாஸ்ல சொன்னாரில்ல?"

"அவருக்கென்ன, சொல்லிட்டு கார் ஏறிப் போயிட்டாரு!"

முந்தின நாள் கம்பெனியில் மன அழுத்த மேலாண்மைப் பயிற்சி நடந்தது. தலைக்குச் சாயமும் தமிழுக்கு அமெரிக்க உச்சரிப்பும் பூசிய ஒருவர் வந்து, 'நீங்கள் நீங்களாகவே இருங்கள்' என்று நாற்பத்திரண்டு ஸ்லைடுகள் போட்டுக் காட்டினார். ஹெச்.ஆர். மேனேஜர் முதல் வரிசையில் உட்கார்ந்து கண்ணீர் விட்டார். கேமரா அவர் பக்கம் திரும்பியிருந்தது.

மாதேஷுக்கு மட்டும் அது நிஜமாகவே நெஞ்சில் தைத்துவிட்டது.

அவருடைய முகமூடிக்கு வயது இரண்டு. ஜி.எம். சிவராஜ் பெங்களூர் தலைமை அலுவலகத்திலிருந்து மாற்றலாகி வந்த அன்று, "கன்னடக்காரரு. அவங்க பாஷையிலயே ஒரு வணக்கம் வைங்க, ஒட்டிக்குவாரு" என்று சமியுல்லாதான் காதில் போட்டார். மாதேஷும் வைத்தார். ஜி.எம். ஒட்டிக்கொண்டார், அப்புறம் விடவேயில்லை. மாதேஷ் என்ற பெயரை எல்லைக்கு இரண்டு பக்கமும் வைப்பார்கள் என்பதால் சந்தேகமும் வரவில்லை. ஊருக்கெல்லாம் இங்கிலீஷில் பேசும் ஜி.எம்., தினமும் காலை ஒன்பது மணிக்கு மாதேஷிடம் மட்டும் ஐந்து நிமிடம் கன்னடம் பேசினார்.

எல்லைக்கு இந்தப் பக்கத்து மத்தூர்க்காரரான மாதேஷுக்குத் தெரிந்த கன்னடம் பஸ்ஸில் சில்லறை கேட்கத்தான் போதும். ஆகவே தினமும் எட்டரைக்கு சமியுல்லா பச்சை மையில் பதில் எழுதித் தருவார். மாதேஷ் கழிப்பறைக்குள் போய் மனப்பாடம் செய்வார். கட்டணமாக, வாரத்தில் மூன்று நாள் மனைவி ரேவதி கொடுத்தனுப்பும் கறிக்குழம்பு அப்படியே ஸ்டோர்ஸுக்குப் போய்விடும். தன் புருஷன் இவ்வளவு சாப்பிட்டும் இளைக்கிறாரே என்று அந்தம்மாளுக்கு ஒரே கவலை.

ஆனால் சமியுல்லாவின் கணிப்பு ஒருநாளும் பிசகியதில்லை. அவர் மழையைப் பற்றிப் பதில் எழுதிக் கொடுத்தால், ஜி.எம். மழையைப் பற்றித்தான் கேட்பார்.

"எப்படி பாய் கரெக்டா சொல்றீங்க?"

"எல்லாம் அனுபவம்ணா."

இருந்தாலும், சீட்டில் இல்லாத ஒரு கேள்வி என்றைக்காவது வந்துவிட்டால்? ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே மாதேஷுக்குப் படபடப்பு தொடங்கிவிடும்.

"சூளகிரி பிளாண்ட்டுக்கு மேனேஜர் யாருன்னு இந்த வாரம் முடிவாகுது பாய். அந்தப் பதவி பொய்யில வரக்கூடாது. போனா போகட்டும்."

சமியுல்லாவின் முகம் வாடியது. "ரெண்டு நாள் பொறுங்கண்ணா. ஸ்டோர்ஸ்ல வந்து ஏசியில கொஞ்ச நேரம் உக்காருங்க, எல்லாம் அடங்கிடும். இந்தாங்க, இன்னைக்கு உங்க பி.பி. பத்திக் கேப்பாரு. பதில் எழுதியிருக்கேன்."

நானூறு பேர் வேலை செய்யும் அந்தத் தொழிற்சாலையில் ஏசி இருந்தது இரண்டே இடத்தில்: ஜி.எம். அறை, ஸ்டோர்ஸ். அளவுக் கருவிகள் சூட்டில் கெடுகின்றன என்று குவாலிட்டி பிரிவு மூன்று முறை மனுப் போட்டும் நடக்கவில்லை. நட்டும் போல்ட்டும் மட்டும் இரண்டு வருஷமாகக் குளுகுளுவென்று இருந்தன.

சீட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மாதேஷ் எழுந்தார்.

ஜி.எம். வழக்கம்போல் சிரித்து, "நமஸ்கார மாதேஷ்" என்று ஆரம்பித்தார்.

"சார், எனக்குக் கன்னடம் தெரியாது." தமிழில் சொல்லிவிட்டார். "ரெண்டு வருஷமா நடிச்சேன். நான் தமிழன் சார், மத்தூரு. என்ன வேணா பண்ணிக்குங்க."

ஜி.எம். கண்ணாடியைக் கழற்றினார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். மாதேஷின் கண்ணெதிரே சூளகிரி பிளாண்ட் டோல்கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது.

"யோவ்," என்றார் ஜி.எம்., "இத மொத நாளே சொல்றதுக்கு என்னய்யா கேடு? நானும் தமிழன்தான், ஊத்தங்கரைக்காரன்யா!"

மாதேஷ் கேட்காமலே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"பெங்களூர்ல நான் இருந்ததே ஒன்பது மாசம்தான். நீ ஓனருக்குச் சொந்தம், கன்னடத்துல விசாரிக்கலன்னா நீ மேல போட்டுக் குடுத்துடுவியாம்னு சொன்னாங்க. தினம் காலையில இந்த அஞ்சு நிமிஷத்த நெனச்சாலே எனக்குச் சோறு எறங்காது. அதனாலதான் சூளகிரிக்கு உன் பேர நேத்தே அனுப்பிட்டேன். நீ அங்க போயிட்டா நான் நிம்மதியா இருப்பேனில்ல!"

"நான் ஓனர் சொந்தம்னு யாரு சார் சொன்னது?"

ஜி.எம். மேஜை டிராயரைத் திறந்து, பி.பி. மாத்திரை அட்டைக்கு அடியிலிருந்து ஒரு சீட்டை உருவி வைத்தார். 'நிம்ம பி.பி. ஹேகிதெ?' என்று அன்றைக்கு அவர் கேட்க வேண்டிய கேள்வி அதில் இருந்தது.

மாதேஷ் தன் சட்டைப்பையிலிருந்த 'கண்ட்ரோல்நல்லி இதெ சார்' என்ற சீட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

இரண்டும் பச்சை மை, ஒரே கையெழுத்து.

நட்டு போல்ட்டுக்கு எதற்கு ஏசி என்பது மாதேஷுக்கு அப்போதுதான் விளங்கியது.