நானூற்று மூன்று 'சாப்டியா?'

"இதுல பாசம் எந்தப் பக்கத்துல இருக்குன்னு நீங்களே கொஞ்சம் காட்டுங்க."

வக்கீலம்மா காகிதக் கட்டை மேஜையின் இந்தப் பக்கம் தள்ளினார். லிஃப்ட் மெக்கானிக் புரட்டிப் பார்த்தான். ஊரில் இருக்கும் மனைவியோடு வாட்ஸ்அப்பில் பேசியதை எல்லாம் அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தவன் அவன்தான். எல்லாப் பக்கமும் ஒன்றுபோலவே இருந்தது. 'சாப்டியா?' என்று அவன் கேட்டிருந்தான். 'ம். ஆச்சு. நீங்க?' என்று அவள் கேட்டிருந்தாள். மறுநாள் மறுபடியும் 'சாப்டியா?' இப்படி நானூற்று மூன்று நாள்.

கல்யாணமான பதினெட்டாம் நாள் விமானம் ஏறியவன் அவன். வெளிநாட்டில் நிரந்தரமாகத் தங்கக் கையில் பி.ஆர். இருக்கிறது, பெண்டாட்டியைக் கூப்பிட்டுக்கொள்வதில் என்ன பெரிய கஷ்டம் என்று நினைத்திருந்தான். முதல் விசா விண்ணப்பம் போன வேகத்தில் திரும்பி வந்தது. இவர்கள் கணவன் மனைவிதான் என்று நம்புவதற்கு ஆதாரம் போதவில்லையாம். கல்யாணப் போட்டோவில் இருவரும் விறைத்துக்கொண்டு நின்றதையும் மறக்காமல் குறிப்பிட்டிருந்தார்கள். இந்தத் தடவையும் கையை விரித்துவிட்டால் இன்னும் எத்தனை வருஷம் ஆகுமோ. ஒற்றைத் தட்டைக் கழுவிக் கவிழ்த்து அவனுக்கு அலுத்துவிட்டது. அவள் வேண்டும், அவ்வளவுதான்.

"போன்ல பேசிக்கறதே இல்லையா?"

"ஞாயித்துக்கிழமை பேசுவோம் மேடம்."

"என்ன பேசுவீங்க?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "என்ன சாப்பிட்டோம்னுதான்."

வக்கீலம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இன்னொரு கட்சிக்காரர் மனைவிக்குத் தினமும் அரைப் பக்கத்துக்குக் கவிதை எழுதியவர் என்றும், அவருக்கு நாலே மாதத்தில் விசா வந்தது என்றும் சொன்னார். அவருடைய விவாகரத்து வழக்கையும் இப்போது தான்தான் பார்ப்பதாகச் சொன்னார்.

"அவங்க தினமும் 'நீங்க?'ன்னு கேக்கறாங்க. ஒரு நாள்கூட நீங்க பதில் சொல்லலையே?"

"அதுக்குள்ள லிஃப்ட் குழில இறங்கிடுவேன் மேடம்."

மொழிபெயர்க்கும்போது முன்னால் ஒரு 'கண்ணே' சேர்த்துக்கொள்ளலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். பொய் என்று தெரிந்தால் அவளை ஆயுசுக்கும் உள்ளே விடமாட்டார்கள் என்றார் வக்கீலம்மா.

மொழிபெயர்ப்பாளர் 'ம்' என்பதை என்ன செய்வது என்று தெரியாமல் இரண்டு நாள் திண்டாடி, கடைசியில் அதை அப்படியே விட்டு, அடிக்குறிப்புப் போட்டார். வக்கீலம்மா தன் பங்குக்கு இரண்டு பக்க விளக்கம் எழுதி இணைத்தார். எங்கள் மொழியில் இந்த ஒரு கேள்விக்குள் அக்கறை, ஏக்கம், தவிப்பு எல்லாம் அடக்கம், ஒரு நாள் தவறாமல் அதே நேரத்தில் ஒரு கணவன் இதைக் கேட்கிறான் என்றால் அவன் மனம் முழுக்க அவள்தான் இருக்கிறாள் என்று எழுதியிருந்தார். அதைப் படித்தபோது மெக்கானிக்குக்குக் காது சிவந்துவிட்டது. வெட்கம் என்று வக்கீலம்மா நினைத்துக்கொண்டார்.

ஒன்றரை மாதம் கழித்து அவரே கூப்பிட்டார். விசா அதிகாரி முழுவதையும் வரி விடாமல் படித்திருக்கிறாராம். நடுவில் ஆறு நாள் தொடர்ந்து 'சாப்டியா?' இல்லை, அப்போது பிரிந்துவிட்டீர்களா என்று கேட்டிருக்கிறாராம்.

மெக்கானிக் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டான். போன் ரிப்பேருக்குப் போயிருந்தது என்று முனகினான்.

"ரிப்பேரா? அதிகாரி உங்க வீட்டம்மாகிட்ட ஏற்கெனவே போன்ல கேட்டுட்டார். அந்த ஆறு நாளும் நீங்க அவங்க மேல கோவமா இருந்தீங்கன்னு சொல்லியிருக்காங்க. இப்ப எது நிஜம்?"

"கோவம்தான் மேடம்."

"எதுக்குக் கோவம்?"

"அது அவளுக்குத்தான் தெரியும்."

இந்தப் பதிலை வக்கீலம்மா அப்படியே எழுதி அனுப்பினார். காரணம் தெரியாமல் கோபித்துக்கொள்பவன் புருஷனாகத்தான் இருக்க முடியும் என்று அதிகாரிக்கும் தோன்றியிருக்க வேண்டும். பத்தாம் நாள் விசா வந்துவிட்டது.

அவளோ பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், அரை மார்க்கைக்கூட இனாமாகப் போடாதவள். அப்படிப்பட்டவள் புருஷனைக் காப்பாற்ற ஒரு பொய் சொல்லியிருக்கிறாளே என்று நினைத்து நினைத்து அவன் உருகிப்போனான்.

அவள் வந்து சேர்ந்த மறுநாள் காலை அவன் லீவு போட்டிருந்தான். எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மேஜையில் இரண்டு தட்டு இருப்பதை அவன் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டான். சந்தோஷமாக இருந்தது. என்ன பேசுவது என்றுதான் இருவருக்கும் தெரியவில்லை.

"உப்பு கொஞ்சம் கம்மி," என்றாள்.

"போட்டுக்கோ."

அப்போது தட்டுக்குப் பக்கத்தில் இருந்த அவள் போன் ஒலித்தது. திரையில் அவன் பெயரும் அதற்குக் கீழே 'சாப்டியா?' என்ற கேள்வியும் தெரிந்தன.

அவன் கையிலிருந்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தான். கல்யாணம் முடிந்து இங்கே திரும்பி வந்த புதிதில் வேலை மும்முரத்தில் ஒரு நாள் கேட்க மறந்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் அழுதுவிட்டாள். அன்றைக்கே, அவள் ஊரில் மதியம் ஒரு மணி ஆனால் தானாகவே கேட்கும்படி போனில் ஏற்பாடு செய்துவிட்டான். அந்தப் போன் ரிப்பேருக்குப் போன ஆறு நாளும் அவளைக் கேட்க ஆள் இல்லை. விமான நிலையத்துக்குப் போகும் முன்பே அதை நிறுத்தியிருக்க வேண்டும். மறந்துவிட்டான்.

அவள் மெல்லுவதை நிறுத்திவிட்டுத் திரையைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள். எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று அவன் வாயைத் திறந்தான். அதற்குள் அவன் போன் ஒலித்தது.

அவள் வலது கை தட்டில் இருந்தது, இடது கையில் தண்ணீர் டம்ளர் இருந்தது, அவளிடமிருந்து பதில் வந்திருந்தது: 'ம். ஆச்சு. நீங்க?'