இந்த முறை கூப்பிடுவார்கள்

சுவிசின் ஓர்லிகோன் மண்டபத்தில் உட்கார்ந்திருந்த மகேஸ்வரனுக்கு வியர்த்துக் கொட்டியது. யாழ்ப்பாணத்தில் அந்த நாளில் ஆடிய உதைபந்தாட்ட வீரர்களில் ஒருவரை இங்குள்ள தமிழர் கழகம் வருடாவருடம் கௌரவிக்கிறது. அவரை இதுவரை மேடைக்கு அழைத்ததில்லை.

"இந்த முறை கட்டாயம் கூப்பிடுவினம், அப்பா. புதுத் தலைவரோட நான் கதைச்சனான்," என்றாள் மகள் தர்மிகா. "உங்கட பழைய படமும் அவரிட்டை இருக்காம். பேப்பரிலயும் போடுவினமாம்."

மகேஸ்வரன் மனைவியைப் பார்த்தார். நிரஞ்சினி அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

தலைவர் ஒலிவாங்கியில் பெயரை வாசித்தார். கோல்காப்பாளர் சிவநேசன்.

"அநியாயம்," என்று தர்மிகா கண் கலங்கினாள்.

"தப்பீட்டமப்பா," என்று நிரஞ்சினி அவர் காதோடு சொன்னாள்.

அவருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மகேஸ்வரன் என்பது இறந்துபோன அண்ணனின் பெயர். அண்ணனின் பாஸ்போட்டில்தான் அவர் சுவிசுக்கு வந்து, அகதியாகப் பதிந்து, குடியுரிமையும் எடுத்தார். பந்தடித்த நாளில் இருந்த அவருடைய சொந்தப் பெயர் படத்தோடு வெளியே வந்தால் எல்லாம் போய்விடும். 'என்னைக் கூப்பிடாதேங்கோ' என்று பழைய தலைவரை வருடாவருடம் மன்றாடியவர் அவரேதான். புதியவரிடம் சொல்லத் துணிவு வரவில்லை.

மேடையில் சிவநேசன் விருதை வாங்கிக்கொண்டு சபையைப் பார்த்தார்.

"எனக்கு ஆகக்கூடக் கோல் அடிச்ச ஆள் இந்த மண்டபத்திலதான் இருக்கிறார். பேர் சொல்லமாட்டன். அவருக்கு ஒருக்காக் கைதட்டுங்கோ."

மண்டபமே தட்டியது. தலையைக் குனிந்தபடி மகேஸ்வரனும் சேர்ந்து தட்டினார்.