சொட்டு ஒழுகாத டிரெய்லர்

"இன்ஜின் இல்லாத பழைய கிளைடர் விமானத்தை மட்டும் பார்த்து மயங்கி வாங்கிட்டேங்க. அதைக் கழட்டி ஏத்திட்டுப் போக கூட வந்த டிரெய்லர் ஒரே ஓட்டை. முதல் மழையிலேயே இறக்கை ஊறிப்போச்சு," என்று புலம்பினார் ஃபோல்க்கர்.

"இதுல சொட்டு ஒழுகாது," என்று விற்க வைத்திருந்த தன் டிரெய்லரைக் காட்டினாள் கெர்டா.

அவர் குனிந்து அடிப்பக்கம் தட்டினார். துரு இல்லை.

"இவ்வளவு நல்லதை ஏம்மா விக்கிறீங்க? உங்க கிளைடருக்கு வேணாமா?"

"அது வீட்டுக்காரர் பேர்ல இருக்கு. டிரெய்லர் என் பேர்ல."

காரில் மாட்டி இழுத்துப் போனார். சற்று நேரத்தில் போன் அடித்தது. கணவன் ரைனர்.

"கெர்டா, காத்து கைவிட்டுடுச்சு. எண்பது கிலோமீட்டர் தள்ளி பீட்ரூட் வயல்ல இறங்கிட்டேன். மழை வருது. உடனே டிரெய்லரைக் கொண்டா!"

"வித்துட்டேன்."

"ஐயோ! இதை எப்படிடி கொண்டு வர்றது?"

"கழட்டினா இறக்கை ரெண்டுதானே? கிளைடர் பின் சீட்டுல உக்காந்திருக்காளே, அவளுக்கு ஒண்ணு, உனக்கு ஒண்ணு. தூக்கிட்டு நடங்க."