மூன்று பத்து அலாரம்

மூன்று மணி ஆனதும் அவர் மேஜை இழுப்பறையிலிருந்து சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டார். ஸ்வெட்டர் பொத்தானைச் சரிபார்த்தார். யாரோ அவரைப் பார்க்க வருகிறார்கள் போல என்று, புது மென்பொருள் பொருத்த வந்திருந்த இன்ஜினியர் நினைத்துக்கொண்டார்.

அந்த அறைக்கு யார் வரப்போகிறார்கள்! கட்டடத்தின் அடித்தளத்தில், நாற்பது ஆஸ்பத்திரிகளின் நோயாளிப் பதிவுகளைச் சுமக்கும் மெயின்ஃப்ரேம் என்ற ராட்சதக் கணினிக்குக் காவலாக, பத்தொன்பது வருஷமாக அவர் ஒருவர்தான். மாடியில் வேலை பார்ப்பவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'கீழ்வீட்டுக்காரர்'. பெயர் வைத்தார்களே தவிர, ஒருவராவது கீழே இறங்கி வந்து பேசியதில்லை.

சரியாக மூன்று பத்துக்குத் திரை சிவந்து அலாரம் கத்தியது. இரண்டாவது நிமிஷம் போன் அடித்தது. அலாரம் வந்தால் உதவி மையம் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும் என்பது விதி.

"என்ன சார், மெஷினுக்கு மறுபடியும் காய்ச்சலா?"

"பொய்க் காய்ச்சல்தான் மேடம். தொட்டுப் பார்த்துட்டேன், ஜில்லுனு இருக்கு!"

எங்கோ வேறு ஊரில் உட்கார்ந்து பேசும் குரல் அது. எட்டு வருஷமாகக் கேட்கிறார், முகம் தெரியாது. மேல்வீட்டுக் குழாய் ஒழுகும் கதை, போன மாதம் அந்தம்மாவுக்கு நடந்த கண் ஆபரேஷனுக்குப் பிறகு பொடி எழுத்துகூடத் தெரிகிற கதை என்று பத்து நிமிஷம் ஓடியது. சும்மா சொல்லக்கூடாது, மனுஷர் சிரித்தால் அழகாகத்தான் இருந்தார்.

போனை வைத்ததும் இன்ஜினியர் படிவத்தை நீட்டினார். "மெயின்ஃப்ரேமைக் கண்காணிக்கிற மென்பொருள் ஓடத் தனியா ஒரு சர்வர் வேணும் சார். எங்க மென்பொருளோடவே ஒண்ணு வருது. இல்லேன்னா உங்ககிட்ட ஏற்கெனவே இருக்கிற சர்வர்லயே போட்டுடலாம். எதுன்னு டிக் பண்ணிக் கையெழுத்துப் போடுங்க."

"பழசே போதுமே. உதவி மையத்துக்காரங்களும் அங்கேர்ந்தே அதுக்குள்ள வந்து பார்த்துப் பழகிட்டாங்க."

"அந்தப் பழசா? இந்தப் பொய் அலாரமே அதுலேர்ந்துதான் கிளம்புது. மெயின்ஃப்ரேம் பாவம், ஒரு கோளாறும் இல்லை." இன்ஜினியர் பழைய பதிவுகளைத் திரையில் ஓட்டினார். "எட்டு வருஷமா வேலைநாள்ல தவறாம மூணு பத்து! போன மாசம் ஒரு பத்து நாள் மட்டும் என்னமோ வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கு. ரிப்பேர் பண்ணச் சொல்லி நீங்க எழுதவே இல்லையா?"

"எழுதணும்னுதான்..." என்று அவர் இழுத்தார்.

மூன்று தடவை எழுதிவிட்டு மூன்று தடவையும் கிழித்துப் போட்டவர் அவர். அலாரம் நின்றால் போனும் நின்றுவிடுமே! அந்தப் பத்து நாளும் அவர் வாயைத் திறந்தது லிஃப்டில் வணக்கம் சொல்ல மட்டும்தான். வீட்டுக்குப் போனால் அங்கே டி.வி. பேசும், இவர் கேட்பார். அவ்வளவுதான் வாழ்க்கை.

"சார், நான் சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. பொய் அலாரமே கேட்டுப் பழகினா, நிஜ அலாரம் அடிக்கிற அன்னிக்கும் சும்மான்னு விட்டுடுவீங்க. அன்னிக்கு ஆபரேஷன் மேஜையில ஒருத்தர் படுத்திருப்பாங்க. அவங்களுக்கு என்ன ரத்தம்னு டாக்டருக்குத் தெரியாது."

அது சுருக்கென்று தைத்தது. ஆபரேஷன் மேஜை என்றதும் அவருக்கு ஞாபகம் வந்தது அந்தம்மாவைத்தான். பேனாவை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். கடைசியில் புது சர்வருக்கே டிக் போட்டார். கையெழுத்து கோணலாக விழுந்தது.

மறுநாள் மத்தியானத்துக்குள் பழைய சர்வரை நிறுத்திவிட்டு, புதியதை ஓடவிட்டு, இன்ஜினியர் விடைபெற்றுக்கொண்டார்.

மூன்று மணிக்குக் கை தானாகச் சீப்பைத் தேடியது. மூன்று பத்து ஆனது. திரை பச்சைப் பசேலென்று இருந்தது. மூன்று பதினைந்து, மூன்று இருபது. ஏ.சி. சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அறுபதை நெருங்குகிற மனுஷன் ஒரு அலாரத்துக்காக அழுதான் என்றால் நாலு பேர் சிரிக்கமாட்டார்களா? சீப்பை இழுப்பறையில் போட்டு மூடினார்.

போன் அடித்தது.

"சார், நான்தான். என்ன ஆச்சு அங்க?" அந்தம்மாவின் குரலில் பதற்றம்.

"பழைய சர்வரை நிறுத்தியாச்சு மேடம். இனிமே பொய் அலாரம் வராது. நீங்களும் தினமும் கூப்பிட்டுச் சிரமப்பட வேண்டாம்."

"அதானா! மூணு மணியிலேர்ந்து முயற்சி பண்றேன், உள்ளயே விட மாட்டேங்குது. புது சர்வர்ல எனக்கு ஒரு பாஸ்வேர்டு போட்டுக் குடுங்க சார்."

"அலாரம் அடிச்சா நீங்க போன் பண்ணினாப் போதுமே மேடம். உள்ள வந்து என்ன பண்ணப் போறீங்க?"

அந்தம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நான் உள்ள வந்து அடிச்சாத்தானே சார், அலாரமே அடிக்கும்?"