கரண்ட் வந்த பிறகு

கரண்ட் நின்றால் சுவிட்சுகளை எல்லாம் அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப வரும்போது பல்புகள் போய்விடும் என்பது நாகலிங்கத்தின் கண்டிப்பு. அணைத்துவிட்டு வந்து, இருட்டில் கண் தெரியாத மனைவி தவமலரைக் கைபிடித்து உள்ளே கூட்டிப்போவார். அவருடைய ஆண்டுத்திவசமும் போன மாதம் முடிந்துவிட்டது.

நேற்று மாலை எல்லா அறையிலும் லைற் எரிந்துகொண்டிருந்தபோது கரண்ட் நின்றது. தனியே இருந்த தவமலர் ஒரு சுவிட்சையும் தொடாமல் விறாந்தையில் வந்து இருந்தாள்.

சற்று நேரத்தில் தெரு முழுக்க வெளிச்சமானது. வீட்டுச் சுவரில் கரண்ட் மீற்றரின் சிவப்புப் பொட்டும் மினுங்கியது. வீடு மட்டும் இருட்டாகவே கிடந்தது.

"அன்ரி, உங்களுக்குக் கரண்ட் வரேல்லையோ?" என்று வேலிக்கு அப்பால் நின்று சாருஜா கேட்டாள்.

"வந்திட்டுது பிள்ளை. சுவிட்சை அணைச்சு லைற் எல்லாம் நூர்த்திருக்கு."

சாருஜா போனதும் தவமலர் உள்பக்கம் திரும்பினாள்.

"எனக்குக் கண் தெரியேல்லை. வந்து கூட்டிக்கொண்டு போங்கோவன்" என்று இருட்டுக்குள் கையை நீட்டினாள்.