தலையாட்டாத உருண்டை

புற்றுநோய் ஆய்வுக்கூடத்தில் ஒரு தட்டும், ஒரு சொட்டு ஜெல்லுக்குள் கடுகளவு உருண்டையும் பக்கம் பக்கமாக இருந்தன. இரண்டிலும் நோயாளி தெரசம்மாளின் குடலிலிருந்து எடுத்த புற்றுச் செல்கள்தான். தட்டில் அவை பாய் விரித்த மாதிரி ஒரே அடுக்காகக் கிடந்தன. உருண்டையிலோ ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துத் திரண்டிருந்தன.

ஆய்வாளர் பர்வீன் இரண்டிலும் முதல் மருந்தை விட்டார். மறுநாளே தட்டில் எல்லாம் செத்துக் கிடந்தன. பர்வீன் சிரித்தார். உருண்டையில் மேல் அடுக்கு மட்டும் உதிர்ந்திருந்தது. சிரிப்பு போய்விட்டது.

"நீயும் செத்துத் தொலையேன். அவங்க சந்தோஷப்படட்டுமே," என்றது தட்டு.

"நான் இங்க சும்மா செத்துக் காட்டினா, அங்க தெரசம்மாளுக்கும் இந்த மருந்தையே ஏத்துவாங்க. அவங்க வயித்துல இருக்கிற கட்டி என்னை மாதிரி. உன்னை மாதிரி இல்ல."

பர்வீன் ஒவ்வொரு முறையும் தட்டில் புதுச் செல்களைப் பரப்பினார். இரண்டாவது மருந்துக்கும் மூன்றாவது மருந்துக்கும் தட்டு உடனே பணிந்தது. உருண்டை அசையவில்லை. பர்வீன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து நான்காவதைக் கலந்தார். அது உருண்டையின் நடு வரைக்கும் போனது.

"கடைசியில நீயும் தோத்துட்டியே!" என்றது தட்டு.

"ஆமா," என்றது உருண்டை, உதிர்ந்துகொண்டே. "நிஜமாவே தோத்துட்டேன். இனிமே தெரசம்மாளுக்குக் கொடுத்துப் பார்க்கலாம்."